மார்ச்சில் ஒரு வாரம், ஒன்பது பேர்: டாப்சிலிப், வால்பாறை, மூணாறு, முதுமலை எல்லாம் பார்க்க முடியுமா?

வேளச்சேரி_குமரன் | டிசம்பர் 27, இரவு 10:40

வணக்கம். சிங்கப்பூரில் இருக்கும் அக்கா குடும்பம் மார்ச் நடுவில் பள்ளி விடுமுறைக்கு வருகிறது. அங்கே அந்த ஒரு வாரம்தான் லீவு, அதனால் தேதியை நகர்த்த வழியில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு இங்கே லீவு போட்டுவிடலாம் என்று முடிவு. அவர்கள் நான்கு பேர், நாங்கள் நான்கு பேர், அம்மா. பிள்ளைகள் 6 முதல் 14 வயது வரை. அம்மாவுக்கு 68, முழங்கால் வலி உண்டு.

போட்டு வைத்திருக்கும் திட்டம் இது. சென்னையிலிருந்து கோவைக்கு இரவு ரயில், அங்கே டெம்போ டிராவலர். முதல் நாள் டாப்சிலிப். இரண்டாம் நாள் பரம்பிக்குளம் பார்த்துவிட்டு மாலையில் வால்பாறை. மூன்றாம் நாள் மூணாறு. நான்காம் நாள் காலையில் இரவிகுளம் தேசியப் பூங்கா, அப்படியே ஊட்டி. ஐந்தாம் நாள் முதுமலை, பந்திப்பூர். ஆறாம் நாள் சைலண்ட் வேலி, ஏழாம் நாள் திரும்பல். நடுவில் எங்காவது ஒரு சின்ன டிரெக்கிங்.

பிள்ளைகளுக்குப் புலி, யானை, வரையாடு மூன்றையும் காட்ட வேண்டும். முடியுமா? எதை முன்னே பின்னே மாற்றலாம்?

---

பொள்ளாச்சி_இளநீர் | டிசம்பர் 27, இரவு 11:15

ஏனுங்க, ஏழு நாளில் வண்டியை விட்டு எப்போது இறங்குவீர்கள்?

---

கூடலூர்_மழை | டிசம்பர் 28, காலை 7:05

மேலே அண்ணன் சொன்னது கிண்டல் மாதிரி இருந்தாலும் கேள்வி நியாயமானது. மூணாற்றிலிருந்து ஊட்டிக்கு வரைபடத்தில் இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான் காட்டும். மறையூர் வழியாக இறங்கி, உடுமலை, பொள்ளாச்சி, கோவை, மேட்டுப்பாளையம் தாண்டி மறுபடி மலை ஏற வேண்டும். வயதானவர், குழந்தைகளோடு எட்டு மணி நேரத்துக்குக் குறையாது. காலையில் இரவிகுளம் பார்த்துவிட்டுக் கிளம்பினால் ஊட்டி போய்ச் சேர நள்ளிரவு.

இன்னொன்று. காட்டுப் பகுதிச் சாலைகள் உங்கள் நேரத்துக்குத் திறக்காது. முதுமலை, பந்திப்பூர் வழியே போகும் நெடுஞ்சாலையில் இரவு 9 முதல் காலை 6 வரை பொதுமக்கள் வண்டிகளுக்குத் தடை. 2009 முதல் இப்படித்தான். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு 36 கொண்டை ஊசி வளைவுகள் இறங்குவது குறுக்குவழி என்று கூகுள் மேப் காட்டும். வெளியூர் வண்டிகளை அந்த வழியாகக் கீழே இறங்க விடுவதில்லை, பிரேக் பிடிக்காமல் போன விபத்துகள் அவ்வளவு. மேலே ஏறலாம். கீழே வர கூடலூர் சுற்றித்தான் வர வேண்டும், தூரம் இரண்டு மடங்குக்கு மேல். நீலகிரிக்கு இ-பாஸ் வேறு எடுக்க வேண்டும், அது 2024 மே மாதத்திலிருந்தே நடைமுறையில் இருக்கிறது.

---

சோலைமந்தி | டிசம்பர் 28, காலை 8:30

குமரன் தம்பி, யாரும் இன்னும் சொல்லாத பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. மார்ச்சில் இரவிகுளம் மூடியிருக்கும்.

வரையாடு குட்டி போடும் காலம் அது. வழக்கமாக பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் இரவிகுளத்தின் சுற்றுலாப் பகுதியான ராஜமலைக்குப் பயணிகளை விட மாட்டார்கள், ஏப்ரலில்தான் திறப்பார்கள். பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்கப் போய் குட்டியும் தாயும் பிரிந்துவிடக் கூடாது அல்லவா. ஆக, மூணாறு போவதற்கு நீங்கள் வைத்திருக்கும் முக்கியக் காரணமே போய்விட்டது. குறிஞ்சி மனதில் இருந்தால் அதுவும் இல்லை. 2018-இல் பூத்தது, அடுத்தது 2030.

டிரெக்கிங்கும் நடக்காது. காட்டுத்தீ காலம் என்பதால் தமிழ்நாட்டு வனத்துறையின் மலையேற்றப் பாதைகளை வழக்கமாக பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை மூடிவிடுவார்கள்.

---

வேளச்சேரி_குமரன் | டிசம்பர் 28, காலை 9:50

அக்கா, இரவிகுளம் விஷயம் தெரியவே தெரியாது. நல்லவேளை கேட்டேன். மூணாற்றில் அறைக்கு முன்பணம் கட்ட இருந்தேன்.

டிரெக்கிங் மட்டும் மனசு கேட்கவில்லை. யூடியூபில் ஒருவர் உள்ளூர் வழிகாட்டி வைத்து "பர்மிஷன் எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்வோம்" என்கிறார். குரங்கணி, கொழுக்குமலை பக்கம். பாதி மலை ஏறி இறங்குவதுதான். அதுவும் வேண்டாமா?

---

போடிக்காரன் | டிசம்பர் 28, பகல் 12:20

வேண்டாம்.

2018 மார்ச் 11. நான் அன்றைக்கு போடியில் இருந்தேன். மத்தியானத்துக்கு மேல் குரங்கணி மலையில் புகை தெரிந்தது. மார்ச்சில் மலையில் புகை தெரிவது எங்களுக்குப் புதிதில்லை என்பதால் யாரும் பெரிதாக நினைக்கவில்லை. ராத்திரி ஆம்புலன்ஸ் மேல் ஆம்புலன்ஸ் போன பிறகுதான் தெரிந்தது, சென்னையிலிருந்தும் திருப்பூர், ஈரோடு பக்கமிருந்தும் வந்த மலையேற்றக் கூட்டம் தீயில் மாட்டிக்கொண்டது என்று. இறந்தவர்கள் 23 பேர். பலர் உங்கள் வயதுக்கும் குறைவு.

புல்வெளியில் தீ எப்படிப் போகும் என்று கீழே இருப்பவர்களுக்குப் புரியாது. மார்ச்சில் போதைப்புல் ஆள் உயரத்துக்குக் காய்ந்து நிற்கும். காற்று மேல்நோக்கி அடித்தால் சரிவில் மனிதன் ஏறும் வேகத்தைவிடத் தீ ஏறும் வேகம் அதிகம். ஓடுகிற வழியில் பள்ளம் இருக்கும், பாறை இருக்கும். பாதை தெரிந்த ஊர்க்காரனே திணறுவான்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு ஒழுங்கான விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே 40 பாதைகளை அறிவித்து, இணையத்தில் பதிவு, பயிற்சி பெற்ற பழங்குடி வழிகாட்டி என்று முறைப்படுத்தியது. தீக்காலத்தில் அதையும் மூடுகிறார்கள். மூடியிருக்கும்போது "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்கிறவன் தீ வந்தால் எதைப் பார்த்துக்கொள்வான்?

---

வேளச்சேரி_குமரன் | டிசம்பர் 28, பகல் 1:05

மன்னிக்கவும் அண்ணா. டிரெக்கிங்கை எடுத்துவிட்டேன்.

---

பொள்ளாச்சி_இளநீர் | டிசம்பர் 28, மாலை 6:45

கடை மூடிவிட்டு இப்போதுதான் உட்கார்ந்தேன். குமரன் சார், நான் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள். நீலகிரி, மூணாறு இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டு ஆனைமலைக்குள்ளேயே ஒரு வாரம் இருங்கள். சொந்த ஊர்ப் பாசம் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

முதலில் ரயில். கோவைக்கு எதற்குப் போகிறீர்கள்? சென்னை சென்ட்ரலிலிருந்து பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காட்டுக்கு இரவு ரயில் ஒன்று இருக்கிறது. காலையில் பொள்ளாச்சியிலேயே இறங்கிவிடலாம். சென்னைக்காரர்கள் நிறைய பேருக்கு இது தெரிவதே இல்லை. கோவை போய், அங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் போக்குவரத்தில் மாட்டி வருவதெல்லாம் வீண். டிராவலரும் பொள்ளாச்சியிலேயே எடுங்கள். கேரள பர்மிட் உள்ள வண்டியா என்று மட்டும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஏனென்றால் பரம்பிக்குளம் கேரளம். ஆனால் சாலை வழியாக அங்கே போக தமிழ்நாட்டுக்குள் வந்து, சேத்துமடை ஏறி, டாப்சிலிப் தாண்டித்தான் போக முடியும். பாலக்காட்டுக்காரர்கள் தங்கள் மாவட்டத்துக்குப் போக எங்கள் ஊர் வழியாகத்தான் வர வேண்டும்! அங்கே இருக்கும் அணைகள் கதையும் இப்படித்தான். நிலம் அவர்களுடையது, அணையை இயக்குவது நம் நீர்வளத்துறை. அந்தத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வந்துதான் எங்கள் தென்னை பிழைக்கிறது. ஆழியாறு அணையில் நின்று தண்ணீரைப் பார்க்கும்போது இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

டாப்சிலிப், பரம்பிக்குளம் இரண்டும் ஒரே பாதை, நடுவில் இருபது கிலோமீட்டர்தான். தனித்தனி நாளாகப் போட்டு இரண்டு முறை ஏறி இறங்காதீர்கள். பரம்பிக்குளத்தில் கேரள வனத்துறை விடுதியில் ஒரு இரவு தங்குங்கள். சஃபாரி, மூங்கில் படகு, சாப்பாடு எல்லாம் சேர்த்த தொகுப்பாகத் தருவார்கள். பகலில் மட்டும் வந்து போகிறவர்களுக்கு ஆனப்பாடியில் வண்டியை நிறுத்திவிட்டு, வனத்துறை வண்டியில் ஒரு சுற்று, அவ்வளவுதான். தங்குகிறவர்களுக்குத்தான் சாயங்காலமும் விடியற்காலையும் கிடைக்கும். காட்டில் அந்த இரண்டு வேளைதான் வேளை.

---

சிங்கை_அத்தான் | டிசம்பர் 28, இரவு 9:30

குமரா, இது நீதானா? உன் அக்கா தேடும்போது இந்த இழை கண்ணில் பட்டது. "சிங்கப்பூரில் இருக்கும் அக்கா குடும்பம்" என்று படித்ததும் சந்தேகம் வந்தது.

எல்லோருக்கும் வணக்கம். ஒரே ஒரு வேண்டுகோள். மூணாற்றை எடுத்துவிட்டால் தேயிலைத் தோட்டம் பார்க்க முடியாதே? என் மகள் அதற்காகவே கேமரா வாங்கியிருக்கிறாள். புலி கட்டாயம் தெரியும் இடம் எது என்றும் சொன்னால் நல்லது. இவ்வளவு தூரம் வருகிறோம்.

---

வேளச்சேரி_குமரன் | டிசம்பர் 28, இரவு 9:41

அத்தான், வீட்டில் பேசிக்கொள்வோம். இங்கே மானத்தை வாங்காதீர்கள்.

---

சோலைமந்தி | டிசம்பர் 28, இரவு 10:20

:) அத்தானுக்கும் வணக்கம்.

தேயிலை பார்க்க மூணாறு போக வேண்டியதில்லை. வால்பாறை முழுக்கத் தேயிலைதான். மூணாறு அளவு கடைத்தெருவும் நெரிசலும் இல்லை, தோட்டத்துக்கு நடுவே மழைக்காட்டுத் துண்டுகள் அங்கங்கே மிஞ்சியிருக்கின்றன. அதனால்தான் விலங்குகள் தோட்டத்துக்குள்ளேயே நடமாடும்.

இரவிகுளம் மூடியிருக்கிறதே என்று கவலைப்படாதீர்கள். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சி முனை. அந்தப் பகுதிப் பாறைகளில் வரையாடு வந்து நிற்கும். டிக்கெட் கிடையாது, வரிசை கிடையாது. நான் போன நாலு முறையில் மூன்று முறை பார்த்தேன். காலை வெயில் ஏறுவதற்கு முன்பு போனால் வாய்ப்பு அதிகம். ராஜமலையில் பார்ப்பதும் இதே ஆடுதான், நம் மாநில விலங்கு. உணவு மட்டும் தயவுசெய்து நீட்ட வேண்டாம். பிஸ்கட் தின்னப் பழகி அவை சாலைக்கே வந்து நிற்க ஆரம்பித்துவிட்டால் அடிபட்டுச் சாகும்.

மேலே புதுத்தோட்டம் பக்கம் சோலைமந்திக் கூட்டம் உண்டு. சிங்கவால் குரங்கு என்போமே, அதுதான். என் பெயருக்குக் காரணமும் அதுவே. உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் காட்டில் வாழாத விலங்கு, இங்கே தேநீர்க் கடைக்கு எதிரே மரத்தில் உட்கார்ந்து பலாப்பழம் தின்னும். சாலையைக் கடக்கும்போது வண்டியில் அடிபடக் கூடாதென்று மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். தீயணைப்பு வண்டியில் இருக்கும் பழைய குழாயை வைத்துப் பின்னியது. பிள்ளைகளிடம் நிமிர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

மார்ச் என்பது ஒரு விதத்தில் உங்களுக்கு அதிர்ஷ்டம்தான். பெரிய இருவாச்சி கூடு கட்டியிருக்கும் நேரம். பெட்டை மரப்பொந்துக்குள் போய் வாசலை எச்சத்தாலேயே பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீற்று மட்டும் விடும். ஆண் பறவை வாரக்கணக்கில் அத்திப்பழம் கொண்டுவந்து அந்தக் கீற்று வழியாக ஊட்டும். அது தலைக்கு மேல் பறந்தால் ரயில் என்ஜின் மூச்சு விடுகிற மாதிரி சிறகுச் சத்தம் கேட்கும். முதல் தடவை கேட்டபோது நான் அண்ணாந்து பார்த்து வாய்க்காலில் விழுந்தேன்.

அட்டைக்கடியும் மார்ச்சில் கிட்டத்தட்ட இல்லை.

புலி? உறுதி தருகிறேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

---

ஜாலி_டூர்_92 | டிசம்பர் 29, காலை 11:10

இவர்கள் எல்லாம் உங்களைப் பயமுறுத்துகிறார்கள் பாஸ். மசினகுடி பக்கம் தனியார் ரிசார்ட்டில் ரூம் போட்டால் அவர்களே ராத்திரி ஜீப் சஃபாரி கூட்டிப் போவார்கள். தலைக்கு ஒரு தொகை, அவ்வளவுதான். நண்பர்களோடு போனபோது கரடி, யானை எல்லாம் பார்த்தோம். புலி ஜஸ்ட் மிஸ்.

---

கூடலூர்_மழை | டிசம்பர் 29, பகல் 12:02

அது சஃபாரி இல்லை தம்பி, சட்ட விரோதம். முதுமலையில் வனத்துறை மட்டுமே சஃபாரி நடத்தலாம், அதுவும் பகலில். ராத்திரி தனியார் ஜீப்பில் விளக்கடித்துப் போகிறவர்கள் பிடிபட்டால் ஓட்டுநருக்கும் வழக்கு, உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கும் அபராதம்.

என் சொந்தக் கதை ஒன்று. 2016-இல் என் மைத்துனர் குடும்பம் வந்திருந்தபோது இப்படி ஒரு ரிசார்ட்டில் சொல்லி வைத்தோம், பெயர் வேண்டாம். ராத்திரி பதினோரு மணிக்கு ஏற்றிக்கொண்டு ஊருக்குப் பின்னாலேயே மூன்று முறை சுற்றினான். கண்டது நாலு மாடு, ஒரு முயல். வழியில் ஒற்றை யானை. ஓட்டுநர் ஹார்ன் அடித்து, விளக்கை முகத்தில் அடித்து விரட்டப் பார்த்தார். அது திரும்பி இரண்டு அடி வைத்ததும் ஜீப்பில் இருந்த ஆறு பேரில் ஒருவருக்கும் குரல் எழும்பவில்லை. யானை என்ன நினைத்ததோ, ஒதுங்கிப் போய்விட்டது. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நான் அதற்குப் பணம் கொடுத்தேன் என்பது இன்றைக்கும் வெட்கம்.

---

ஜாலி_டூர்_92 | டிசம்பர் 29, பகல் 12:15

சரி சரி, என் அனுபவத்தைச் சொன்னேன்.

---

வேளச்சேரி_குமரன் | ஜனவரி 2, இரவு 8:50

புத்தாண்டு வாழ்த்துகள். வீட்டில் பெரிய பஞ்சாயத்து நடந்தது. முடிவு: நீலகிரி, மூணாறு, சைலண்ட் வேலி மூன்றும் அவுட். ஞாயிறு காலை பொள்ளாச்சியில் இறங்கி ஓய்வு. திங்கள் பரம்பிக்குளம், இரவு அங்கேயே. செவ்வாய் டாப்சிலிப்பில் யானை முகாம் பார்த்துவிட்டு இறங்கி ஆழியாறு. புதன் காலை வால்பாறை ஏற்றம், அங்கே மூன்று இரவு. சனி மாலை இறங்கி ரயில்.

மிச்சம் இருக்கும் சந்தேகங்கள். அம்மாவுக்கு அந்த 40 வளைவு தாங்குமா? வால்பாறையிலிருந்து மளுக்கப்பாறை வழியாக அதிரப்பள்ளி அருவிக்கு ஒரு நாள் போய் வரலாமா? மூணாறை எடுத்ததற்கு ஈடாக அத்தான் கேட்கிறார்.

---

பொள்ளாச்சி_இளநீர் | ஜனவரி 2, இரவு 10:05

இப்போதுதான் திட்டம் திட்டமாக இருக்கிறது.

அம்மாவை ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார வையுங்கள், பின்னால் வேண்டாம். காலையில் இட்லி ஒன்றிரண்டு போதும், பொங்கல் வடை எல்லாம் இறங்கி வரும்போது. வாந்தி மாத்திரையை ஏறிய பிறகு போட்டுப் பயனில்லை, அரை மணி நேரம் முன்பே போட வேண்டும். ஒன்பதாவது வளைவில் எப்படியும் நிறுத்துவீர்கள், அட்டகட்டியில் ஒரு டீ. அவ்வளவுதான், அம்மா ஜம்மென்று வந்துவிடுவார்.

அதிரப்பள்ளி சாலை அழகு, மறுக்கவில்லை. ஆனால் முழுக்கக் காடு, சோதனைச் சாவடியில் பகலில் மட்டும்தான் விடுவார்கள், உள்ளே போகிற வண்டி இத்தனை மணிக்குள் அந்தப் பக்கம் வெளியேற வேண்டும் என்று சீட்டு தருவார்கள். போய் அதே நாளில் திரும்புவது ஒன்பது பேரோடு ஆகிற காரியமில்லை. போனால் சாலக்குடிப் பக்கம் அப்படியே இறங்கிவிட வேண்டும். தவிர மார்ச்சில் அருவி நூலாகத்தான் விழும். அத்தானிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

---

சோலைமந்தி | ஜனவரி 3, காலை 7:40

இன்னும் சில விஷயங்கள், வரிசை இல்லாமல் சொல்கிறேன்.

வால்பாறைக்கும் 2025 நவம்பர் 1 முதல் இ-பாஸ் வந்துவிட்டது. வண்டி எண் தெரிந்ததும் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வேண்டாம், சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துவிடுவார்கள். ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் போதும்.

அக்கா பிள்ளைகளுக்குச் சிங்கப்பூர் பாஸ்போர்ட்டா? பூங்காக்களில் வெளிநாட்டவர் கட்டணம் தனி, கூடுதலாக இருக்கும். முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள், வாசலில் நின்று வாதம் செய்ய வேண்டாம். எல்லோருடைய அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். பரம்பிக்குளத்தில் போன் சிக்னலை நம்ப முடியாது, பதிவுச் சீட்டை அச்செடுத்து வையுங்கள். வறட்சி முற்றித் தீ அபாயம் அதிகமானால் சஃபாரியையே நிறுத்திவிடுவதும் உண்டு, ஆகவே கிளம்பும் முன்பு ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

இது முக்கியம், கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். வால்பாறையில் மாலை ஆறுக்கு மேல் பிள்ளைகளை விடுதிக்கு வெளியே விடாதீர்கள். தேயிலைச் செடிக்குள் சிறுத்தை படுத்திருந்தால் இரண்டடி தள்ளி நின்றாலும் தெரியாது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளில் குழந்தைகள் தாக்கப்பட்டு இறந்திருக்கிறார்கள். நமக்கு அது சுற்றுலா இடம், அவர்களுக்குத் தினமும் அதே இருட்டில் குழாயடிக்குப் போக வேண்டியிருக்கிறது.

யானையும் அப்படித்தான். 2025 பிப்ரவரியில் வால்பாறைச் சாலையில் நின்ற யானையை பைக்கில் தாண்டிப் போகப் பார்த்த ஜெர்மானியப் பயணி ஒருவர் இறந்துபோனார். முன்னால் நின்ற வண்டிகள் எல்லாம் காத்திருந்தன, அவர் மட்டும் போனார். தோட்டங்களில் சில இடங்களில் கம்பத்தில் சிவப்பு விளக்கு பார்ப்பீர்கள். பக்கத்தில் யானை வந்திருக்கிறது என்று தெரிந்தால், போனிலிருந்தே அதை எரிய விடுவார்கள். கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியும் போகும். அங்கே ஆய்வு செய்கிறவர்கள் ஊர்க்காரர்களோடு சேர்ந்து உருவாக்கிய ஏற்பாடு. விளக்கு எரிந்தால் வண்டியைத் திருப்புங்கள். ஒரு மணி நேரம் தாமதமானால் ஒன்றும் குறைந்துவிடாது.

---

சிங்கை_அத்தான் | ஜனவரி 3, காலை 10:15

மிக்க நன்றி, சகோதரி. அருவியை விட்டுவிட்டேன். மச்சான், தண்ணீர் பாட்டில் ஒன்பதும் என் பொறுப்பு.

---

வேளச்சேரி_குமரன் | மார்ச் 24, இரவு 11:20

போய் வந்தாயிற்று. கேட்டவர்களுக்காக விவரமாக எழுதுகிறேன்.

பரம்பிக்குளத்தில் நடைப்பயணம் எல்லாம் தீக்காலம் என்று நிறுத்தி வைத்திருந்தார்கள். வண்டிச் சுற்று, மூங்கில் படகு இரண்டும் இருந்தன. கன்னிமாரா தேக்கைப் பார்த்தோம். பிள்ளைகள் நால்வரும் கைகோத்துச் சுற்றிப் பார்த்தும் எட்டவில்லை, அத்தான் போய்ச் சேர்ந்த பிறகுதான் வளையம் மூடியது. வெட்டப் போனபோது ரத்தம் வந்ததாம், அதனால் விட்டுவிட்டார்களாம், வழிகாட்டி சொன்னார். அம்மா உடனே செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கும்பிட்டார். அன்றைக்கு மாலை நீர்த்தேக்கக் கரையில் காட்டு மாடு பத்துப் பன்னிரண்டு, புள்ளிமான் எண்ணவே இல்லை. காலையில் செந்நாய் மூன்று, சாலை ஓரமாகவே ஓடின. பகலில் வந்து போகும் கூட்டத்துக்கு இது கிடைத்திருக்காது, இளநீர் அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு.

டாப்சிலிப் கோழிகமுத்தி முகாமில் நாங்கள் நினைத்ததைவிட அதிக நேரம் இருந்தோம். யானைக்குக் கவளம் உருட்டிக் கொடுப்பதைப் பார்த்து அம்மா அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மாவூத்தர்கள் மலசர் பழங்குடியினர். ஒருவர் கலீம் யானையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார். 99 யானைப் பிடிப்புகளில் நின்ற கும்கி, 2023-இல் ஓய்வு கொடுத்தார்கள் என்று. "ரிட்டயர்மென்ட்டுக்குப் பென்ஷன் உண்டா?" என்று அம்மா கேட்டார். "கரும்பும் ராகியும் குறையாமல் வருகிறது அம்மா" என்றார் அவர். அம்மாவும் ஓய்வு பெற்ற ஆசிரியை என்பதால் இருவருக்கும் பேச நிறைய இருந்தது.

வரையாடு! ஒன்பதாவது வளைவில் ஒன்றும் இல்லை. அத்தான் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. இரண்டு வளைவு மேலே போனதும் ஓட்டுநர் சட்டென்று வண்டியை ஓரம் கட்டினார். பாறை மேல் ஏழு. இரண்டு குட்டிகள். மருமகள் படம் எடுத்து முடிக்கும் வரை அசையாமல் நின்றன. அம்மா வண்டியை விட்டு இறங்காமலேயே பார்த்தார்.

குறை ஒன்று. வால்பாறையில் நாங்கள் பதிவு செய்த விடுதியில் அம்மாவுக்குக் கீழ்த்தள அறை என்று எழுதி வாங்கியிருந்தும், போனதும் மாடியில்தான் இருக்கிறது என்றார்கள். அரை மணி நேரம் நின்ற பிறகு உரிமையாளரின் உறவினர் தன் அறையைக் காலி செய்து கொடுத்தார். அடுத்து போகிறவர்கள் முந்தின நாளே போன் போட்டு உறுதி செய்யுங்கள்.

புதுத்தோட்டத்தில் சோலைமந்தி பார்த்தோம், குழாய்ப் பாலத்தின் மேலேயே ஒன்று நடந்து போனது. இருவாச்சிச் சத்தம் கேட்டது, ஆனால் பறவை கண்ணுக்குப் படவில்லை. வாய்க்காலில் யாரும் விழவில்லை அக்கா.

வெள்ளிக்கிழமை மாலை திரும்பும்போது சிவப்பு விளக்கு எரிந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு பால் வண்டி, தோட்டப் பேருந்து எல்லாம் நின்றிருந்தன. நாற்பது நிமிடம். யானை தெரியவே இல்லை, கிளை முறியும் சத்தம் மட்டும். பேருந்தில் இருந்த தொழிலாளர் அம்மா ஒருவர் எங்கள் பிள்ளைகளுக்கு முறுக்கு கொடுத்தார். எங்கள் சின்னவனுக்கு இந்த ஒரு வாரத்தில் எது பிடித்தது என்று கேட்டால் அந்த நாற்பது நிமிடத்தைத்தான் சொல்கிறான்.

புலி பார்க்கவில்லை. மண்ணில் கால்தடம் பார்த்தோம், அதற்கே அத்தான் பதினெட்டுப் படம் எடுத்தார்.

---

சோலைமந்தி | மார்ச் 25, காலை 6:55

குட்டியோடு ஏழு! எனக்கு அந்தப் படத்தை அனுப்பச் சொல்லுங்கள் தம்பி. எந்த வளைவு, எத்தனை மணி என்று குறித்து வைத்திருக்கிறீர்களா?

---

வேளச்சேரி_குமரன் | மார்ச் 25, காலை 8:10

பதினொன்றாவது வளைவு தாண்டி, காலை 7:50. மருமகளிடம் சொல்லிவிட்டேன், இரவு அனுப்புவாள்.

---

மணப்பாறை_மைனா | ஏப்ரல் 2, மாலை 5:30

இழை முழுக்கப் படித்தேன், ரொம்பப் பயனுள்ளது. நாங்கள் மே முதல் வாரம் இதே மாதிரி போகலாம் என்று இருக்கிறோம், பன்னிரண்டு பேர். அந்த ஓட்டுநர் எண் கிடைக்குமா? இரவிகுளம் அப்போது திறந்திருக்கும்தானே, அதையும் ஒரு நாள் சேர்த்துக்கொள்ளலாமா?

---

பொள்ளாச்சி_இளநீர் | ஏப்ரல் 2, இரவு 9:15

எத்தனை நாள் என்று முதலில் சொல்லுங்க.